7547-ஐ அடைக்கச் சொன்னால் பீதி கிளப்புவதா?

நேற்று நம் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பல வீட்டு ரவுட்டர்களில் 7547 போர்ட் (தகவல் வந்துபோகும் எண்ணிட்ட வாசல்) வெளியே திறந்து கிடக்கிறது, இணையம் தரும் கம்பெனியிடம் சொல்லி அடைக்கச் சொல்லுங்கள் என்றுதான் எழுதினேன். உடனே ஒருவர் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு, "அது ரிஜிஸ்டர்டு போர்ட், பயமே வேண்டாம்" என்று பதில் வாங்கி வந்துவிட்டார். நான் பீதி கிளப்புகிறவனாம். அதற்குக் கைதட்டல் வேறு.

1024 முதல் 49151 வரை உள்ள போர்ட் எண்களுக்கு விண்ணப்பித்து, இணைய எண்களை ஒதுக்கும் ஐயானா அமைப்பின் பட்டியலில் பதிந்துகொள்ளலாம். ரிஜிஸ்டர்டு என்பது அவ்வளவுதான். பதிவு என்பது அங்கீகாரம் ஆகாது, பதிவான போர்ட்டில் வருவதெல்லாம் நல்லது என்றும் ஆகாது என்று அந்தப் பட்டியலின் தலைப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். பதிவு இருக்கிறது, ஆகவே பாதுகாப்பு இருக்கிறது என்பது எந்த ஊர் நியாயம்?

7547-இன் வேலை சின்னது. உங்கள் ரவுட்டரைத் தூரத்திலிருந்து பராமரிக்க கம்பெனி டிஆர்-069 என்ற முறையை வைத்திருக்கிறது. கம்பெனியின் சர்வர் இந்தப் போர்ட்டைத் தட்டி "என்னைக் கூப்பிடு" என்று சொல்லும். ரவுட்டர் தானாக அந்த சர்வரைத் தொடர்புகொள்ளும். அவ்வளவுதான். அப்படியானால் தட்ட வேண்டியது அந்த ஒரு சர்வர் மட்டும். மற்றவர்களுக்கு எதற்குத் திறந்து வைக்க வேண்டும்?

2016 நவம்பரில் ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாம் என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தின் சுமார் 9 லட்சம் வாடிக்கையாளர்களுக்கு இணையம் படுத்தது இந்தப் போர்ட்டால்தான். மிராய் வைரஸின் ஒரு வகை உலகம் முழுக்க 7547-ஐத் தட்டிக்கொண்டிருந்தது. ரவுட்டர் தன் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளும் நேர சர்வரின் பெயரைக் கேட்கும் இடத்தில் பெயருக்குப் பதிலாக ஒரு கட்டளையைத் திணிக்கும். ஓட்டை உள்ள ரவுட்டர் அதை அப்படியே இயக்கிவிடும். ஜெர்மன் ரவுட்டர்களுக்குள் வைரஸால் நுழைய முடியவில்லை, தட்டிய தட்டிலேயே அவை மயங்கிவிட்டன. நுழைய முடிந்த ரவுட்டர்களில் அது செய்த காரியத்தைக் கவனியுங்கள்: வேறு யாரும் வரக்கூடாது என்று 7547-ஐ ஃபயர்வால் என்ற தடுப்புச் சுவரில் அடைத்தது. வைரஸுக்குத் தெரிந்தது கம்பெனிக்குத் தெரியவில்லை!

"நம்ம ஊரில் சிஜிநாட் இருக்கே, வெளியிலிருந்து யாரால் வர முடியும்?" என்று கேட்பீர்கள். பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் மறைக்கும் ஏற்பாடுதான் சிஜிநாட். நியாயமான கேள்வி. ஆனால் ஐபிவி6 என்ற புதிய வகை இணைய முகவரியில் அந்த மறைப்பு கிடையாது. அதே கம்பெனியின் இன்னொரு வாடிக்கையாளர் உள்ளிருந்தே தட்ட முடிந்தால் அப்போதும் சிஜிநாட் உதவாது. "பாஸ்வேர்டு இருக்கு" என்பவர்களுக்கு: மேலே சொன்ன தாக்குதல் பாஸ்வேர்டைக் கேட்கவே இல்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், அக்கா வீட்டில் பார்த்ததால். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் சூதாட்ட விளம்பரம். ரவுட்டருக்குள் போய்ப் பார்த்தேன், தளத்தின் பெயரைச் சொன்னால் அது இருக்கும் இடத்தைக் காட்டும் டிஎன்எஸ் சர்வரின் முகவரியை யாரோ மாற்றியிருந்தார்கள். எந்த வழியாக வந்தார்கள் என்று எனக்குத் தெரியாது, 7547 மேல் பழி போடவும் இல்லை. கம்பெனியிலிருந்து வந்த பையன் ரீசெட் பண்ணிவிட்டு, "கண்ட லிங்க்கை எல்லாம் தொடாதீங்கம்மா" என்று சொல்லி விசிட்டிங் சார்ஜும் வாங்கிக்கொண்டு போனான். அக்கா பல நாள் போனைத் தொடவே பயந்தாள். "நான்தான் ஏதோ அமுக்கிட்டேன் போலடா" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். பூட்டு அவர்களுடையது, சாவியும் அவர்களிடம், வசவு மட்டும் அக்காவுக்கு.

"நீயே அடைத்துக்கொள்" என்கிறார் ஒரு நண்பர். எப்படி? கம்பெனி தரும் பல ரவுட்டர்களில் அதற்கான செட்டிங்ஸ் பக்கமே நம் கண்ணில் படாது. நான் கேட்பது ஒன்றுதான்: அவர்கள் நெட்வொர்க்கிலேயே, அவர்களுடைய சர்வரைத் தவிர வேறு யாரும் 7547-ஐத் தொட முடியாதபடி ஒரு ஃபில்டர். பராமரிப்பு வேலை எதுவும் நிற்காது.

இன்று மறுபடியும் புகார் பதிந்திருக்கிறேன், எழுத்தில். நீங்களும் பதியுங்கள். போனில் "சேஃப் சார்" என்றால் விடாதீர்கள். எந்தெந்த முகவரியிலிருந்து 7547-ஐத் தொட முடியும் என்று கேட்டு, பதிலை மெயிலில் வாங்குங்கள்.