"அது எதுக்கு மருந்து?"

அரிய செடி எதைப் பற்றிப் பேசினாலும் நம் ஆட்கள் முதலில் கேட்பது இதைத்தான். பத்துமலைக் குன்றில் வளரும் செடிகளைப் பற்றிச் சொன்னபோதும் எங்கள் தாமானில் ஒரு அக்கா அதையேதான் கேட்டார். அவர் நல்ல மனசோடுதான் கேட்டார். ஆனாலும் அந்தக் கேள்வி முதலில் வரக்கூடாது என்பது என் கட்சி.

ஏன் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவின் புளோரிடாவில் டைசெராண்ட்ரா ஃபுருட்டெசென்ஸ் என்று ஒரு சின்னப் புதர்ச்செடி. புதினாக் குடும்பம், நம் வீட்டுத் துளசிக்கும், காய்ச்சிக் குடிக்கிற பூனை மீசைக்கும் சொந்தம். வெள்ளைப் பூவில் ஊதாப் புள்ளிகள். மகரந்தப் பைகளில் குட்டிக் கொம்புகள் உண்டு. பூச்சி அந்தக் கொம்பில் இடித்தால் மகரந்தம் அதன் மேல் கொட்டும். இலையைக் கசக்கினால் புதினா வாசம் தூக்கும்.

இது வளர்வது லேக் வேல்ஸ் மேட்டுநிலத்தின் பழைய மணலில் மட்டும். அந்த மணல்காட்டில் பெரும்பகுதி ஆரஞ்சுத் தோட்டமாகவும் வீடுகளாகவும் போய்விட்டது. 1985இல் அமெரிக்க அரசு இதை அழியும் நிலையில் உள்ள செடி என அறிவித்தது. சரி, தொட்டியில் வைத்துக் காப்பாற்றலாமே என்பீர்கள். இதன் விதைக்கு வெயில் படும் வெற்று மணல் வேண்டும். அவ்வப்போது காட்டுத்தீ வந்து ஓக் புதர்களை எரித்தால்தான் அந்த இடம் கிடைக்கும். தீயில் தாய்ச்செடி செத்துப்போகும், மண்ணில் கிடக்கும் விதை முளைக்கும். இதையெல்லாம் தொட்டிக்குள் எப்படிக் கொண்டுவருவது?

அங்கே ஆர்ச்போல்ட் ஆய்வு நிலையம் 1941 முதல் ஒரு பகுதி நிலத்தைக் காத்து வருகிறது. பூச்சிகளின் வேதியியலை ஆராய்ந்த தாமஸ் ஐஸ்னர் அங்கேதான் இந்தச் செடியைப் பார்த்தார். பூச்சிகள் இதைத் தின்னாமல் விட்டிருப்பது அவர் கண்ணில் பட்டது. இலைச் சுரப்பிகளில் எறும்புகளை விரட்டும் ஒரு பொருள் இருப்பதை அவர் குழு கண்டுபிடித்து 1990இல் வெளியிட்டது. பயன் தெரிந்தது அப்புறம்தான். நிலத்தை அதற்கு வெகுகாலம் முன்பே காப்பாற்றிவிட்டார்கள். "என்ன லாபம், முதலில் சொல்லுங்கள்" என்று 1941இல் யாராவது பிடிவாதம் பிடித்திருந்தால் ஐஸ்னருக்கு அங்கே முகர்ந்து பார்க்க இலையே இருந்திருக்காது.

நம் பத்துமலை சுண்ணாம்புக்கல் குன்று. பாறை வெடிப்பில் ஒட்டிக்கொண்டு, வேறு மண்ணில் பிழைக்காத செடிகள் அங்கேயும் உண்டு. ஒரு காலத்தில் அந்தக் குன்றையே கல்லுக்காக வெட்டினார்கள். இப்போது அடிவாரத்தைச் சுற்றிக் கட்டடம் நெருக்குகிறது. தைப்பூசத்துக்குக் காவடி தூக்கிப் படியேறுகிற நமக்கு அந்த மலைமேல் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறோம் இல்லையா? அப்படியானால் எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உள்ளூர்த் திட்ட வரைவு மக்கள் பார்வைக்கு வரும்போது அதை வாங்கிப் படியுங்கள். குன்றை ஒட்டிய நிலத்துக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சரியில்லை என்றால் கெடு முடிவதற்குள் ஆட்சேபத்தை எழுதிக் கொடுங்கள்.