ஹாம்லெட் ஆலையில் கதவுகள் பூட்டியிருந்தன
1991 செப்டம்பர் 3 அன்று அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து ஹாம்லெட் ஊரில் கோழி இறைச்சி ஆலை எரிந்து 25 பேர் இறந்ததற்குத் தொழிலாளர்களின் பதற்றமே காரணம் என்கிறீர்கள். தவறு. தயவுசெய்து இறந்தவர்கள்மேல் பழி போடாதீர்கள். பொரிக்கும் கொப்பரைக்கு அருகே ஹைட்ராலிக் குழாயிலிருந்து (எண்ணெய் அழுத்தத்தால் இயந்திரத்தை இயக்கும் குழாய்) எண்ணெய் பீய்ச்சியடித்துத் தீப்பிடித்தது. சரி, ஓடியவர்கள் எங்கே போவார்கள்? வெளியேறும் கதவுகள் பூட்டிக் கிடந்தன, கோழித் துண்டுகளைத் திருடிவிடுவார்கள் என்ற சந்தேகத்தில்! பெரும்பாலானோர் புகையில் மூச்சடைத்துத்தான் இறந்தார்கள். தீயணைக்கும் நீர்த்தெளிப்பான் கிடையாது. ஆலை நடந்த 11 ஆண்டுகளில் மாநிலத் தொழிலாளர் பாதுகாப்பு அதிகாரிகள் ஒருமுறைகூடச் சோதனைக்கு வரவில்லை. உரிமையாளரே குற்றத்தை ஒப்புக்கொண்டு ஏறத்தாழ 20 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். சுமார் 4 ஆண்டிலேயே வெளியே வந்துவிட்டார், அது தனிக் கொடுமை.