ஐஸ் உருகும், அதுவா கேள்வி?

ஞாயிற்றுக்கிழமை அடையாறு கூட்டத்தில், என்ட்ரோபி பார்ப்பவரைப் பொறுத்தது என்று பேசினேன். வெளியே ஒரே மாதிரி தெரியும் ஒரு பொருள் உள்ளே எத்தனை விதமாக அமைந்திருக்கலாம் என்பதன் அளவுதான் என்ட்ரோபி; ஐஸ் உருகும்போது கூடுவது அதுதான். நான் பேசியதில் ஒரே ஒரு வாக்கியத்தை வெட்டியெடுத்து, ‘சார் கண்ணை மூடிக்கிட்டா ஐஸ் உருகாதாம்’ என்று சுற்றில் விட்டிருக்கிறார்கள். ஐஸ் உருகும். யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் உருகும். நான் வேறு சொல்லவே இல்லை.

நான் சொன்னது: என்ட்ரோபி எவ்வளவு என்று கேட்பதற்கு முன், எந்த அளவுகளை வைத்து அந்தப் பொருளை விவரிக்கிறீர்கள் என்று சொல்ல வேண்டும். அந்த அளவுகளோடு ஒத்துப்போகும் நுண்நிலைகளை, அதாவது உள்ளே அணுக்கள் அமையக்கூடிய விதங்களை, எண்ணி மடக்கை (லாகரிதம்) எடுப்பதுதான் என்ட்ரோபிக்கான போல்ட்ஸ்மான் சூத்திரம். விவரிப்பு மாறினால் எண்ணிக்கை மாறும். மனசு மாறினால் மாறாது. இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டுத்தான் சிரிக்கிறார்கள்.

நிகழ்தகவும் இப்படித்தான். அடுத்த ஐந்து நிமிஷத்தில் சென்னை பீச் போகிற ரயில் வண்டி வருமா என்பது கிண்டியில் நிற்கிற எனக்குப் பாதிக்குப் பாதி. அது முந்தின ஸ்டேஷனான பரங்கிமலையை விட்டுக் கிளம்பியதைப் பார்த்த நண்பருக்குக் கிட்டத்தட்ட உறுதி. இரண்டு பேர் கணக்கும் சரி, வண்டி ஒன்றுதான்.

வெவ்வேறு வாயுக்களைக் கலந்தால் என்ட்ரோபி கூடும், ஒரே வாயுவைக் கலந்தால் கூடாது என்ற புதிருக்குக் கிப்ஸ் முரண் என்று பெயர். தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் அதை நடத்தும்போது ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “நியான்ல ரெண்டு ஐசோடோப்பு இருக்குன்னு 1913 வாக்கிலதானே சார் தெரிஞ்சது? அதுக்கு முன்னாடி ரெண்டையும் கலந்திருந்தா என்ட்ரோபி கூடியிருக்குமா?” வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. என் ஆசிரிய வாழ்க்கையில் வந்த நல்ல கேள்விகளில் அது ஒன்று. ஐசோடோப்பு என்றால் ஒரே தனிமம், அணுவின் எடை மட்டும் வேறு. நியான்-20, நியான்-22 இரண்டிலும் ஒவ்வொரு மோல், ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தம். பிரித்தறிய வழியில்லாதவன் கணக்கில் கலந்த பிறகு என்ட்ரோபி மாற்றம் பூஜ்யம், அவனுடைய வெப்பக் கணக்கு எதுவும் தப்பாது. பிரிக்கத் தெரிந்தவனுக்கு அது கெல்வினுக்கு 11.5 ஜூல். அந்தக் கலப்பை முறையாக நடத்தினால், அறை வெப்பநிலையில் 3,400 ஜூல் வரை வேலை வாங்கலாம் என்பது கொள்கை. வேலை கற்பனை இல்லையே! 1957 முதல் இயற்பியலாளர் ஜெய்ன்ஸ் வாதாடியதும் இந்த வழியில்தான்.

‘வெப்பத்தை அளக்கிற கலோரிமீட்டரில் என்ட்ரோபியை அளக்கிறோமே, அப்புறம் என்ன பார்ப்பவர்?’ என்று கேட்கிறார்கள். அளக்கிறோம். 25 டிகிரியில் ஒரு மோல் தண்ணீருக்குக் கெல்வினுக்கு 70 ஜூல் என்று அட்டவணையில் இருக்கிறது. அதே அட்டவணை ஐசோடோப்புக் கலப்பையும், சுழற்சி போன்ற உள்பண்பான அணுக்கரு ஸ்பின்னையும் கணக்கில் சேர்ப்பதில்லை. வேதிவினையில் அவை இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகும் என்பதால் விட்டுவிட்டார்கள். விட்டது யார்? நாம்தானே!  

என்னைச் சுட்டது வேறு. ‘பார்ப்பவர்னு சொல்லி சாமியார்களுக்குத் தீனி போடுறீங்க’ என்று எழுதியிருக்கிறார்கள். என்னையா? மந்திரத் தண்ணீர் விற்றவனோடு மேடையில் சண்டை போட்டவன் நான். அன்று பக்கத்தில் நின்ற தோழர்கள்தான் இன்று சிரிப்பு எமோஜி போட்டிருக்கிறார்கள். சாமியார் ஒரு சொல்லைத் திருடினான் என்பதற்காக நாம் அதைத் தொடவே கூடாதா? அந்தப் பயத்தில் ஒரு இயற்பியல் கேள்வியையே நெரித்துவிடுவதற்குப் பெயர் பகுத்தறிவா? விஷயம் தெரிந்த பேராசிரியர்கள் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்னும் தூக்கம் வரவில்லை.

நியான் கணக்கு மேலே இருக்கிறது. எந்த வரி தப்பு என்று எழுதுங்கள். கமெண்ட் திறந்தேதான் இருக்கிறது.