துரும்பும் 5 மாசகமும்
'ஒரு துரும்பைத் திருடினாலும் பிக்கு (பௌத்தத் துறவி) துறவை இழப்பார்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. துறவேற்றதும் 'துரும்பைக்கூட எடுக்காதே' என்று சொல்வார்கள், உண்மை. ஆனால் அடுத்த வரியிலேயே ஒரு பாதம் (அக்கால நாணய மதிப்பு), அதாவது 5 மாசகம், என்ற வரம்பு வந்துவிடுகிறது. அதற்குக் குறைந்தாலும் குற்றம்தான், ஆனால் துறவையே இழக்கவைக்கும் பாராஜிகம் அல்ல.

அந்த வரம்பு வந்த கதைதான் சுவாரசியம். தனியர் என்ற குயவர் மகன், பிக்குவான பிறகு, மகத அரசன் பிம்பிசாரனின் மரங்களைக் குடிசை கட்ட எடுத்துக்கொண்டார். முன்பு நீதி அதிகாரியாக இருந்த ஒரு பிக்குவிடம், 'எவ்வளவு திருடினால் அரசன் தண்டிப்பான்?' என்று கேட்டுத்தான் புத்தர் விதியை வகுத்தார். அப்புறம், ஒரு பிக்கு தன்னுடையது என்று நினைத்து எடுத்தால் குற்றமே இல்லை. தனியரும் தப்பித்தார், விதிக்கு முந்தைய செயலாச்சே!