பெரிய விஞ்ஞானியை எதற்குக் கூப்பிடுகிறோம்?

கருத்தரங்குக் குழு கூடிய கொஞ்ச நேரத்திலேயே யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார்: "பெரிய பேரா ஒருத்தரைப் பிடிக்கணும்." என்ன பேசப் போகிறோம் என்பதே அப்போது யாருக்கும் தெளிவாக இருக்காது. ஆனால் போஸ்டரில் யார் படம் என்பது முடிவாகிவிடும்.

அப்புறம் அவருக்கு அனுப்பும் அழைப்புக் கடிதம். "தங்கள் மேலான வருகையால் எங்கள் மாநாடு பெருமையடையும்." பெயரை மட்டும் மாற்றி வேறு யாருக்கு அனுப்பினாலும் பொருந்தும். என்ன பேச வேண்டும், யார் கேட்கப் போகிறார்கள், பயணச் செலவு யாருடையது? எதுவும் இருக்காது. இதில் பதிவுக் கட்டணத்தை அவரிடமே கேட்கும் போலி மாநாட்டு மின்னஞ்சல்கள் வேறு தினமும் வந்து குவிகின்றன. நம் கடிதமும் அதே தொனியில் போனால் அவர் எதைப் பார்த்துப் பிரித்தறிவார்?

டிஎன்ஏ அமைப்பைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக், இப்படி வரும் வேண்டுகோள்களுக்கென்றே ஒரு அட்டை அச்சடித்து வைத்திருந்தார். கையெழுத்துத் தர, சொற்பொழிவாற்ற, மாநாட்டுக்கு வர, தலைமை வகிக்க, உங்கள் நோயைக் குணப்படுத்த என்று நீளும் பட்டியல். எதற்கும் இயலாது, வருந்துகிறேன் என்று பொருள். திமிர் என்பார்கள் சிலர். எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. அச்சடித்த மாதிரி அழைத்தால் அச்சடித்த பதில்தான் வரும்.

எப்படி அழைக்க வேண்டும் என்பதற்கு 1911-ஐப் பாருங்கள். சூடான பொருள்களின் கதிர்வீச்சையும், வெப்ப ஏற்புத் திறனையும் (ஒரு பொருளைச் சூடாக்க எவ்வளவு வெப்பம் தேவை என்பது) விளக்க முடியாமல் பழைய இயற்பியல் தடுமாறிக்கொண்டிருந்த நேரம். இதற்கென்றே ஒரு கூட்டம் வேண்டும் என்று ஜெர்மன் வேதியியலாளர் வால்டர் நெர்ன்ஸ்ட் நினைத்தார். இதில் உண்மையான அக்கறை உள்ளவர்கள் ஒரு சிலர்தான், கொஞ்சம் பொறுக்கலாமே என்று, ஆற்றல் துண்டு துண்டாகத்தான் கைமாறும் என்ற குவாண்டம் கருத்தை முன்வைத்த மாக்ஸ் பிளாங்க் தயங்கினார். நெர்ன்ஸ்ட் விடவில்லை. பெல்ஜியத் தொழிலதிபர் எர்னஸ்ட் சால்வேயின் பணத்தில், அவர் பெயரிலேயே ஜூனில் அழைப்பு போனது. எந்தச் சிக்கலைப் பேசப் போகிறோம் என்பது அதிலேயே இருந்தது. யார் எதைப் பற்றி அறிக்கை தர வேண்டும் என்பதும் பிரித்துக் கொடுக்கப்பட்டது. 32 வயது ஐன்ஸ்டைனுக்கு வெப்ப ஏற்புத் திறன். அக்டோபர் 30 அன்று பிரஸ்ஸல்ஸில் கூடியபோது டச்சு இயற்பியலாளர் லோரன்ட்ஸ் தலைமையில் மேரி க்யூரி, புவான்காரே, ரூதர்ஃபோர்டு எல்லாம் இருந்தார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வராத ஒருவரைப் பற்றிய செய்தி. ஆங்கில இயற்பியலாளர் லார்டு ரேலே போகவில்லை. ஆனால் கடிதம் எழுதினார். குவாண்டம் வழியிலான தீர்வு தனக்குப் பிடிக்கவில்லை என்று அதில் ஒளிக்காமல் சொன்னார். அந்தக் கடிதம் மாநாட்டு நூலிலேயே இடம்பெற்றது. அழைப்பில் கேள்வி இருந்ததால்தான் வராதவரிடமிருந்தும் பதில் கிடைத்தது.

இன்று நாம் பெரியவரை வரவழைத்து, அறிமுகம் என்ற பெயரில் அவர் விருதுகளை அவருக்கே வாசித்துக் காட்டி, தொடக்கவுரை முடிந்ததும் நினைவுப் பரிசு கொடுத்துக் காரில் ஏற்றிவிடுகிறோம். ஆய்வு மாணவர்கள் தங்கள் ஆய்வை விளக்கும் போஸ்டர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார்கள். அவர் ஒரு பத்து நிமிடம் அங்கே நின்று "இந்த அளவீட்டை ஏன் நம்புகிறாய்?" என்று கேட்டிருந்தால், அந்த மாணவருக்கு அது தொடக்கவுரையைவிடப் பெரிய விஷயம்.

அதனால் கடிதத்திலேயே கேட்டுவிடலாம்: "உங்கள் இந்த ஆய்வு முடிவோடு எங்கள் தரவு ஒத்துப்போகவில்லை. ஒரு நாள் முழுக்க எங்களோடு உட்கார முடியுமா? செலவு எங்களுடையது." அதையும் பல மாதம் முன்பே அனுப்ப வேண்டும். முடியாது என்று அவர் சொன்னாலும், இதில் வேலை செய்யும் இளைஞர்கள் யாரைக் கூப்பிடலாம் என்று இன்னொரு வரி கேளுங்கள். அந்தப் பெயரைப் போஸ்டரில் பார்த்தால் யாரென்று யாருக்கும் தெரியாமல் போகலாம். போகட்டுமே.