கம்பெனி கைமாறினா, வேலைக்குச் சேர்ந்த தேதியை விட்டுக்கொடுக்காதீங்க மக்களே

2017 ஏப்ரல் 1-ல் ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவிதாங்கூர் எஸ்பிஐயோட சேர்ந்தப்போ குமரி மாவட்டத்துல பல ஊர்ல போர்டு மாறுச்சு. அங்க ஊழியர் நிலைமையைச் சொல்ல அரசாணை இருந்தது, கேள்வி கேட்க சங்கம் இருந்தது. நாகர்கோவில் ஐடி ஆபீஸ்லயும், குழித்துறையில ரயிலேறி கழக்கூட்டம் டெக்னோபார்க் போயும் வேலை பார்க்கிற நம்ம பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ரெண்டும் கிடையாது. கம்பெனி கைமாறினா ஒரு மெயில் வரும், ஒரு மீட்டிங் நடக்கும், உடனே கையெழுத்து கேட்பாங்க.

அந்தக் கையெழுத்துலதான் எல்லாம் இருக்கு. புது ஆஃபர் லெட்டரோட பழைய கம்பெனிக்கு ராஜினாமா கடிதமும் நீட்டுவாங்க, "சும்மா ஃபார்மாலிட்டி"ம்பாங்க. கையெழுத்துப் போட்டா சர்வீஸ் பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கும். பழைய இடத்துல 3 வருஷம், புது இடத்துல 2 வருஷம், கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 18,000 ரூபாய்னு வைங்க. சர்வீஸ் தொடர்ந்தா 18,000 × 15 ÷ 26 × 5, அதாவது வேலையை விட்டுப் போகும்போது கம்பெனி தர்ற கிராஜுவிட்டி (பணிக்கொடை) சுமார் 51,920 ரூபாய். தொடரலைன்னா, நிரந்தர ஊழியருக்கு 5 வருஷம் ஆகலைன்னு கைவிரிச்சிடுவாங்க. இருபது வருஷம் முடிச்சவர் கிராஜுவிட்டிக்கு எப்பவோ தகுதியாகிட்டார். அடி விழுறது இந்த ரெண்டு, மூணு வருஷப் பிள்ளைகளுக்குத்தான். இது அநியாயம்.

சர்வீஸ் முறியக்கூடாது, நிபந்தனைகள் குறையக்கூடாது, பின்னால ஆட்குறைப்பு வந்தா பழைய வருஷங்களும் கணக்குல வரணும். இந்த மூணுல ஒண்ணு இல்லைன்னாலும், ஒரு வருஷம் முடிச்ச தொழிலாளிக்கு இழப்பீடு உண்டுன்னு 1947 தொழில் தகராறு சட்டத்துலயே இருந்தது. அதுக்குப் பதிலா வந்த 2020 தொழில் உறவுத் தொகுப்புச் சட்டமும் அதையே சொல்லுது. மேலாளர் பொறுப்புல இருந்தா இந்தப் பாதுகாப்பு வராது, கடிதத்துல எழுதி வாங்கணும்.

பிஎஃப்ல உங்க யுஏஎன் (கம்பெனி மாறினாலும் மாறாத பிஎஃப் எண்) அதேதான். பழைய கணக்குல வெளியேறிய தேதி ஏறியிருக்கான்னு பார்த்து, பணத்தைப் புதுக் கணக்குக்கு மாத்துங்க. எடுத்துச் செலவழிக்காதீங்க, பென்ஷனுக்கு 10 வருஷம் வேணும்.

பணம் மட்டும் இல்ல. 'சீனியர்'னு இருந்த பதவி புதுப் பட்டியல்ல ஒரு படி இறங்கியிருக்கும். ரெண்டு கம்பெனிக்கும் அப்ரைசல் மாசம் வேற வேறயா இருந்தா, "நீங்க இப்பதானே சேர்ந்தீங்க"ன்னு ஒரு இன்கிரிமென்ட் போயிடும். பெங்களூர்ல போட்ட லீவு லிஸ்ட்ல டிசம்பர் 3 கோட்டார் சவேரியார் திருவிழா இருக்காது. பழைய டீம் வாட்ஸ்அப் குரூப்பைக் கலைச்சிட்டு புதுசுல சேர்க்க ஒரு மாசம் ஆக்குவாங்க. அந்த ஒரு மாசத்துல பிள்ளை வேற வேலை தேட ஆரம்பிச்சிடும். ஹெச்ஆர்ல இருக்கிறவங்க முதல் வாரத்துலயே பழைய பதவி, புதுப் பதவி, அடுத்த அப்ரைசல் மாசம் மூணையும் ஒரே தாள்ல ஒவ்வொருத்தர் கையிலும் கொடுக்கணும்.

கையெழுத்துக்கு முன்னால ஹெச்ஆருக்கு ஒரு மெயில் போடுங்க: "என் பழைய சேர்ந்த தேதியே எல்லாப் பலன்களுக்கும் தொடரும் என்று எழுத்தில் உறுதி செய்யவும்." பதிலை உங்க சொந்த மெயிலுக்கும் அனுப்பி வைங்க. பழைய ஆபீஸ் மெயில் ஒரு நாள் சொல்லாமலே மூடிடும்.