எந்த யூனிட் தம்பி?

போன வாரம் அப்பாவோட வேலூர் பக்கம் ஒரு டீக்கடைல நின்னோம். பைக்ல வந்த ஒரு பையன் கருப்பு டீஷர்ட் போட்டிருந்தான், நெஞ்சுல ஆர்மியோட பலிதான் பேட்ஜ் தச்சிருந்துச்சு. அப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட்ல ஹவில்தாரா இருந்து ரிட்டயர்டு ஆனவரு, அதப் பாத்ததும் டீ கிளாஸ வச்சுட்டு எழுந்து நேராப் போயி "எந்த யூனிட் தம்பி?"ன்னு கேட்டாரு. "ஆர்மி இல்ல அங்கிள், தோனி போட்டது, ஆன்லைன்ல வாங்குனேன்"னான். "சரிப்பா"ன்னு திரும்பி வந்து உக்காந்தவரு வீடு வர்ற வரைக்கும் ஒண்ணும் பேசல.

அந்தப் பையன் மேல எனக்குக் கோவம் இல்லங்க, அவனுக்கு யாரும் சொல்லல. 2019 உலகக்கோப்பைல தோனி கிளவுஸ்ல இருந்துச்சு, ஐசிசி எடுக்கச் சொல்லிச்சு, அதுலதான் நம்மள்ல பாதிப் பேருக்கு அது தெரியும். ஆனா அது பாரா ஸ்பெஷல் ஃபோர்ஸ்ங்கிற கமாண்டோ படையோட பேட்ஜ், தானா முன்வந்து போயி, மாசக்கணக்கா தூக்கமில்லாம புரோபேஷன்ங்கிற தேர்வுப் பயிற்சில வதைபட்டு, கூட வந்தவங்கள்ல முக்கால்வாசிப் பேரு திரும்பிப் போனதுக்கப்புறமும் நின்னவன் நெஞ்சுல குத்துறது. அப்பாவே இத்தனை வருஷ சர்வீஸ்ல அதப் போட்டதில்ல, போட அவருக்கு உரிமையும் இல்ல.

சட்டமும் இருக்கு, பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) 168வது பிரிவு. சிப்பாய்னு மத்தவங்க நம்பணும்னு நெனச்சு அந்த உடுப்பையோ அடையாளத்தையோ போட்டா மூணு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல 2000 ரூபா வரைக்கும் அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம். ஃபேஷனுக்குப் போட்டவன் மேல அது பாயாது, சரி. ஆனா யூனிட் பேட்ச்னா ஒரு மிலிட்டரிக்காரர் இன்னொருத்தர்கிட்ட "நான் இன்ன இடத்துல இருந்தேன்"னு வாயத் தொறக்காம சொல்றது. அதப் பாத்து நம்மாளு ஒருத்தன்னு நெனச்சு ஆசையா எழுந்து வர்ற மனுஷன என்னன்னு சொல்லித் திருப்பி அனுப்புவீங்க?

தேசியக்கொடி போடுங்க, 'இந்தியன் ஆர்மி'ன்னு எழுதுன டீஷர்ட் போடுங்க, யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க. ரெஜிமென்ட் பேரு, பட்டாலியன் நம்பரு, கமாண்டோ பேட்ஜ், இதெல்லாம் மட்டும் வேணாமே. ஏற்கனவே வாங்கிட்டீங்கன்னா பிரிச்சு எடுத்து வீட்ல வச்சுக்கோங்க.

அப்பாவோட தொப்பி பேட்ஜ்ல ஒரு யானை இருக்கும், 1803ல மராத்தியர்களோட நடந்த அசாயே சண்டைக்காக மெட்ராஸ் பட்டாளத்துக்குக் கெடச்சது. அக்கா பையன் அத ஸ்கூல் பேக்ல குத்திக்கிறேன்னு கேட்டான். அப்பா குடுக்கல, அவன மடில உக்கார வச்சு, பேட்ஜ அவன் உள்ளங்கைல வச்சு, அந்த யானை கதைய மொத்தமா சொன்னாரு.